ஓர் இணைப்பும் பல கணினிகளும்

மனிதன் ஆக்கும் கருவிகளுட் சில, நெடுங்காலம் நிலைபெறுக என்னும் நோக்குடன் ஆக்கப்பட்டுச் சின்னாளில் மறைந்தொழிகின்றன. வேறு சில, சின்னாட் பயன்பாட்டிற்கென ஆக்கப்பட்டு, ஆக்கியோரே எதிர்பாராவண்ணம் நிலைபேறெய்திவிடுகின்றன. ஒரு வீட்டிலுள்ள பல கணினிகள் ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. வீட்டுக் கூடத்தின் மூலையில் விளக்குகள் மினுங்க அமைந்திருக்கும் சிறு பெட்டியொன்று, அவ்வீட்டார் கையாளும் கணினி, கைத்தொலைபேசி, தொலைக்காட்சி ஆகிய யாவற்றையும் ஒரு கம்பியின் வழியே உலகத்தோடு இணைத்துவைக்கின்றது. இஃது இயல்பாகவே அமைந்ததொன்றெனப் பலரும் கருதுவர். இணையம் வகுக்கப்பட்ட காலத்து அறிக்கைகளிலோ இத்தகைய பெட்டிக்கு இடமில்லை. அதன் செயன்முறை இணையத்தின் அடிப்படைக் கோட்பாடொன்றுக்கு மாறானதுமாகும். அப்பெட்டி எவ்வாறு தோன்றியது, எவரால் எதிர்க்கப்பட்டது, எதிர்ப்பைக் கடந்து எங்ஙனம் நிலைத்தது, அதனால் உலகம் பெற்றதும் இழந்ததும் யாவை என்பன ஆராயத்தக்கன.

இணையத்தின் தொடக்ககாலக் கோட்பாடு எளியது. வலையமைப்பிற் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் தனக்கேயுரிய முகவரியெண் ஒன்று உண்டு. எந்தக் கணினியும் வேறெந்தக் கணினிக்கும் அவ்வெண்ணைக் கொண்டு நேரே செய்தி விடுக்கலாம். செய்திகள் பொதிகள் எனப்படும் சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் பொறிக்கப்பட்டுச் செல்லும். இம்முகவரிக்கு எத்தனை இலக்கங்கள் வேண்டும் என்னும் வினா 1977 ஆம் ஆண்டில் எழுந்தபோது, விண்டன் சேர்வ் முதலியோர் 32 துவித இலக்கங்கள் போதும் எனத் துணிந்தனர். அன்று நிகழ்ந்தது ஒரு பரிசோதனை; பரிசோதனைக்கு அஃது அமையும் என்பதே அவர்தம் எண்ணம். 1981 செப்ரெம்பரில், ஜொன் பொஸ்ரெல் பதிப்பித்த ஆர்.எவ்.சி. 791 என்னும் அறிக்கை இவ்வளவையே நெறியாக்கியது. 1983 யனவரி 1 ஆம் நாள், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில் வளர்ந்த ஆர்ப்பாநெற் வலையமைப்பு இந்நெறிமுறைக்கு மாறியது. பரிசோதனை அன்றோடு முடிந்தது; அதன் அளவுகோல் மாத்திரம் நிலைத்துவிட்டது.

32 துவித இலக்கங்களால் ஆகக்கூடிய முகவரிகள் 4,294,967,296. அதாவது 429 கோடிக்குச் சற்று மேல். சில நூறு கணினிகளே இணைந்திருந்த காலத்தில் இத்தொகை வற்றாத கடலெனத் தோன்றியதில் வியப்பில்லை. அதனாற் பங்கீட்டிற் கட்டுப்பாடு குறைந்திருந்தது. முகவரிகள் மூன்று பெருவகுப்புகளாகப் பிரித்து வழங்கப்பட்டன. முதல் வகுப்புத் தொகுதியொன்றில் 16,777,216 முகவரிகளும், இரண்டாம் வகுப்புத் தொகுதியொன்றில் 65,536 முகவரிகளும், மூன்றாம் வகுப்புத் தொகுதியொன்றில் 256 முகவரிகளும் அடங்கும். முந்நூறு கணினிகளையுடைய நிறுவனமொன்றுக்கு மூன்றாம் வகுப்புப் போதாது; ஆதலின் அஃது இரண்டாம் வகுப்பைப் பெற்றுக்கொண்டு, அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட எண்களை வறிதே வைத்திருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனமும் ஸ்ரான்போட் பல்கலைக்கழகமும் ஒவ்வொன்றும் முதல் வகுப்புத் தொகுதியொன்றை உடைமையாகக் கொண்டிருந்தன. ஸ்ரான்போட் தன் தொகுதியை 2000 ஆம் ஆண்டில் திருப்பியளித்தமை பாராட்டத்தக்கது, எம்.ஐ.ரி. தனதிற் பெரும்பகுதியை 2017 ஆம் ஆண்டில் விற்க முன்வந்தது. முந்தி வந்தோர் நிறையப் பெற்றமையும் பிந்தி வந்தோர்க்கு எஞ்சியது குறைந்தமையும் பின்னர் நேர்ந்த இடர்ப்பாட்டின் வித்தாகும்.

1990களின் தொடக்கத்தில், இரண்டாம் வகுப்புத் தொகுதிகள் விரைவில் தீர்ந்துபோகும் என்னும் அச்சம் அறிஞரைப் பற்றியது. அதற்கு மூன்று வழிகள் கூறப்பட்டன. முதலாவது, வகுப்பு முறையை ஒழித்து, வேண்டுமளவுக்கேற்ப முகவரிகளை வெட்டி வழங்குதல். இது 1993 செப்ரெம்பரில் நெறியாக்கப்பட்டது. இரண்டாவது, முகவரியின் நீளத்தையே பெருக்கிப் புதிய நெறிமுறையொன்றை ஆக்குதல். இதுவே 1995 திசெம்பரில் ஆறாம் பதிப்பாக வெளிவந்தது. மூன்றாவது, ஒரே முகவரிகளைப் பலவிடங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல். இம்மூன்றாம் வழியைப் போல் சுச்சியா என்பாரும் ரோனி எங் என்பாரும் 1993 யனவரியில் வெளியான கட்டுரையொன்றில் விளக்கினர். பின்னாளிற் போல் பிரான்சிசு எனப் பெயர் மாற்றிக்கொண்ட அதே அறிஞர், கெல்ட் ஈகவாங் என்பாருடன் சேர்ந்து 1994 மே மாதத்தில் ஆர்.எவ்.சி. 1631 என்னும் அறிக்கையை வெளியிட்டார். முகவரிப் பெயர்ப்பு என நாம் கூறத்தக்கதும், ஆங்கில முதலெழுத்துகளால் நாட் என வழங்குவதுமாகிய முறையின் பிறப்பு ஆவணம் இதுவே. அவ்வறிக்கை தன் கண்டுபிடிப்பைப் புகழ்ந்துரைக்கவில்லை என்பது கருதத்தக்கது. நெடுங்காலத் தீர்வாக இம்முறை பொருந்தாது, குறுங்காலத் தீர்வாகவும் பொருந்தாதுபோகலாம் என்று அதன் ஆசிரியர்களே எச்சரித்தனர். நீண்ட முகவரிகள் வரும்வரை காலங்கடத்தும் ஊன்றுகோலெனவே அவர்கள் இதனைக் கருதினர்.

இம்முறையின் இயக்கத்தைக் கல்லூரி விடுதியொன்றை உவமையாக்கி விளக்கலாம். விடுதிக்கு வெளியுலகில் ஒரே அஞ்சல் முகவரி உண்டு. மாணவருக்கோ விடுதிக்குள் வழங்கும் அறையெண்கள் மட்டுமே உண்டு. மாணவன் ஒருவன் எழுதும் கடிதத்தை விடுதிப் பொறுப்பாளர் வாங்கி, அவன் அறையெண்ணை அழித்து, விடுதியின் முகவரியையும் ஒரு தொடரிலக்கத்தையும் பொறித்து அனுப்புகின்றார். எந்த இலக்கம் எந்த அறைக்குரியது என்பதைத் தம் பதிவேட்டிற் குறித்துக்கொள்கின்றார். மறுமொழி அவ்விலக்கத்தைத் தாங்கி வரும்போது, பதிவேட்டைப் பார்த்து உரிய அறைக்குச் சேர்ப்பிக்கின்றார். வெளியுலகத்தார்க்கு அவ்விடுதியில் எத்தனை பேர் உளர் என்பதும், எழுதியவர் எவர் என்பதும் தெரியா. வீட்டு மூலையிலுள்ள பெட்டி இப்பொறுப்பாளரின் தொழிலையே செய்கின்றது. முகவரிக்கு முகவரி மாற்றுதலே 1994 ஆம் ஆண்டு அறிக்கையின் முதன்மையான பொருள். துறையெண் எனப்படும் தொடரிலக்கத்தையும் சேர்த்து மாற்றும் வழக்கமே பின்னர் பரவியது. துறையெண்கள் 65,536 ஆதலின், ஒரே வெளிமுகவரியின் பின்னாற் பல கணினிகள் ஒரே வேளையில் உரையாடுதல் இயல்வதாயிற்று.

உவமையை இன்னும் ஒருபடி நீட்டினால் இம்முறையின் குறைபாடும் விளங்கும். முன்பின் அறியாதாரொருவர், மாணவன் எழுதாதிருக்கையிலேயே தாமாகக் கடிதம் விடுத்தாராயின், பதிவேட்டில் அதற்குரிய குறிப்பு இல்லாமையால் பொறுப்பாளர் அதனைக் கழித்துவிடுவார். உள்ளிருப்பார் வெளியே பேசலாம். வெளியிலிருப்பார் உள்ளிருப்பாரைத் தாமாக அழைத்தல் இயலாது. மேலும், நெடுநேரம் கடிதப் போக்குவரத்து நிகழாவிடின் பொறுப்பாளர் அக்குறிப்பைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார். அதன்பின் வரும் மறுமொழியும் வழிதவறும். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், இணையத்தின் பிற்கால வரலாற்றை வடிவமைத்தது இதுவே.

விடுதிக்குள் வழங்கும் அறையெண்களுக்கு நிகரானவை தனியார் முகவரிகள். எந்த நிறுவனமும் எவரிடமும் கேளாது தன் எல்லைக்குட் பயன்படுத்தத்தக்க முகவரிகளை ஒதுக்கிவைத்தல் வேண்டும் என்று, யாக்கோவ் ரெக்ரர் முதலிய நால்வர் 1994 மார்ச்சில் ஆர்.எவ்.சி. 1597 வாயிலாக முன்மொழிந்தனர். நான்கு திங்கள் கழியுமுன்னரே அதற்கு மறுப்பு எழுந்தது. எலியட் லியர் முதலிய நால்வர் யூலையில் ஆர்.எவ்.சி. 1627 ஐ வெளியிட்டு, ஒவ்வொரு முகவரியும் உலகில் ஒன்றேயாதல் வேண்டும் என்னும் கோட்பாட்டைக் கைவிடுதல் தீங்கு பயக்கும் என வாதிட்டனர். இரு நிறுவனங்கள் பின்னர் இணைய நேரின், ஒரே எண்கள் இருபுறமும் வழங்குவதாற் குழப்பம் விளையும் என்பதும் அவர்தம் வாதங்களுள் ஒன்று. 1996 பெப்ரவரியில் இப்பிணக்கு ஒருவாறு தீர்ந்து, ஆர்.எவ்.சி. 1918 வெளிவந்தது. மறுப்புரைத்தவருள் முதல்வராகிய எலியட் லியர் இதன் ஐந்து ஆசிரியருள் ஒருவராகக் கையொப்பமிட்டார். 10 இல் தொடங்கும் தொகுதி முழுவதும், 172.16 முதல் 172.31 வரையுள்ளவையும், 192.168 இல் தொடங்குவனவும் தனியார்க்கென ஒதுக்கப்பட்டன. உலகின் எத்துணையோ வீடுகளில் 192.168 எனத் தொடங்கும் எண்கள் காணப்படுவதன் காரணம் இதுவே.

முகவரிப் பெயர்ப்பை வாணிகப் பொருளாக்கியோர் அலுவலகங்களையே முதலில் நாடினர். ஜோன் மேயிஸ் என்பாரின் கருத்தைப் பிரான்ட்லி கொயில் என்பார் செயற்படுத்த, 1994 ஆம் ஆண்டில் பிக்ஸ் என்னும் கருவி தோன்றியது. அலுவலகங்களில் ஒரு சில வெளித் தொலைபேசி இணைப்புகளைப் பல மேசைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் இணைப்புப் பலகையே அதற்கு முன்மாதிரி; பெயரும் அதனை ஒட்டி அமைந்தது. 1995 ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் அக்கொம்பனியை வாங்கியது. ஆயினும் தொலைபேசிப் பலகைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பலகையின் முன்னமர்ந்த இயக்குநர், வெளியிலிருந்து அழைப்பவர் எவரை வேண்டுகின்றார் என வினவி இணைத்துவிடுவார். கருவியோ வினவுவதில்லை, கழித்துவிடுகின்றது.

வீடுகளுக்கு இம்முறை வந்த வழி வேறு. 1990களின் நடுப்பகுதியில் வீட்டார் தொலைபேசிக் கம்பியில் மொடெம் இணைத்து, ஒரு கணினிக்கு ஒரு முகவரி பெற்று இணையத்தை நாடினர். வீட்டில் இரண்டாவது கணினி வந்தபோது, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க நேர்ந்தது. அன்றேல் இரண்டாம் தொலைபேசி இணைப்புக்கும் இரண்டாம் சந்தாவுக்கும் பணஞ் செலுத்த நேர்ந்தது. இவ்விடரை முதலிற் கடந்தோர் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயின்ற ஆர்வலராவர். 1996 யூனில் வெளியான லினக்ஸ் 2.0 பதிப்பிற் பெயர்ப்பு முறை இடம்பெற்றிருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் மாறுவேடம் என்னும் பொருளது. உள்ளிருக்கும் கணினிகள் யாவும் ஒரே கணினியின் வேடம் பூண்டு வெளிச்செல்வதால் அப்பெயர் பொருத்தமானதே. பழைய கணினியொன்றை மூலையில் வைத்து, அதனை வீட்டின் வாயில்காப்பானாக்கும் வழக்கம் இவ்வாறு தோன்றியது. 1999 ஆம் ஆண்டில் மைக்கிரோசொப்ட் நிறுவனம், விண்டோஸ் 98 இன் இரண்டாம் பதிப்பில் இணைய இணைப்புப் பகிர்வு என்னும் வசதியைச் சேர்த்தது. ஆர்வலர்க்கே உரியதாயிருந்த முறை அதனாற் பொதுமக்கள் கைக்கு எட்டியது. எனினும் வாயிலாக அமைந்த கணினி அணைக்கப்பட்டால் வீடு முழுவதும் இணைப்பை இழக்கும் என்னும் குறை எஞ்சியிருந்தது.

இக்காலத்தில் இணைப்பு வழங்குநர் பலர் இப்பகிர்வை விரும்பினாரல்லர். அமெரிக்காவிற் கேபிள் வழியாக இணையம் வழங்கிய கொம்பனிகளுட் சில, கூடுதலான ஒவ்வொரு கணினிக்கும் கூடுதற் கட்டணம் கேட்டன. சில, வீட்டில் வலையமைப்பு அமைத்தலையே ஒப்பந்தத்தில் தடைசெய்தன. முதலில் இணைத்த கணினியின் வன்பொருள் எண்ணைப் பதிந்துகொண்டு, வேறு கருவிக்கு இணைப்பை மறுத்தலும் நிகழ்ந்தது. வீட்டுப் பெட்டிகளைச் செய்வோர் அதற்கு மாற்றுக் கண்டனர்: பதியப்பட்ட கணினியின் எண்ணைப் பெட்டி தனதெனக் காட்டும் வசதி அவற்றில் அமைக்கப்பட்டது. பெட்டியின் பின்னால் எத்தனை கணினிகள் உள்ளன என அறியும் வழியையும் அறிஞர் ஆராய்ந்தனர். 2002 ஆம் ஆண்டில் ஸ்ரீவன் பெலோவின் என்பார், ஒவ்வொரு கணினியும் தன் பொதிகளுக்கு இடும் அடையாள எண்களின் வரிசையைக் கொண்டு அவற்றின் தொகையைக் கணிக்கலாம் எனக் காட்டினார். 2003 ஆம் ஆண்டில் மிச்சிக்கன் முதலிய அமெரிக்க மாநிலங்களில், செய்தியின் தோற்றுவாயை வழங்குநரிடமிருந்து மறைக்கும் கருவிகளைத் தடுக்கும் சட்டங்கள் பேசப்பட்டபோது, வீட்டுப் பெட்டியும் அத்தடைக்குள் அகப்படுமோ என்னும் வினாவைப் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேட் பெல்ற்றன் எழுப்பினார். ஒரு கம்பிக்குக் கட்டணம் செலுத்தியவன் அதன் மறுமுனையில் எத்தனை கருவிகளை வைத்திருத்தல் தகும் என்னும் வழக்கே இவையனைத்தின் உட்பொருள்.

அவ்வழக்கிற்குத் தீர்ப்பளித்தது நீதிமன்றமன்று, கடைத்தெருவே. தாய்வானிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய விக்ரர் சாவோ, ஜேனி சாவோ என்னும் தம்பதியர் 1988 ஆம் ஆண்டில் நிறுவிய லிங்சிஸ் கொம்பனி, 2000 ஆம் ஆண்டை ஒட்டி நான்கு கணினிகளை இணைக்கத்தக்க சிறு றவுட்டரை விற்பனைக்கு விட்டது. தனிக் கணினியொன்று விழித்திருக்கவேண்டிய தேவை ஒழிந்தது. 1999 ஆம் ஆண்டில் நெறியாக்கப்பட்ட வானொலி அலைவழி இணைப்பு இப்பெட்டியோடு சேர்ந்தபோது கம்பியும் ஒழிந்தது. 2003 ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் ஏறக்குறைய 50 கோடி டொலர் பெறுமதியில் லிங்சிசை வாங்கியமை இச்சந்தையின் வளர்ச்சிக்குச் சான்று. தடுத்தோரும் நாளடைவில் மனம் மாறினர். இணைப்போடு பெட்டியையும் வழங்குநரே கொடுக்கும் வழக்கம் வந்தது.

இவ்வெற்றிக்கு இணையம் கொடுத்த விலை யாது? 1981 ஆம் ஆண்டில் சோல்ற்சர், ரீட், கிளாக் ஆகிய எம்.ஐ.ரி. அறிஞர் மூவர் ஒரு கோட்பாட்டை வகுத்தனர். அது 1984 இல் விரிவாக அச்சேறியது. வலையமைப்பின் நடுப்பகுதி இயன்றவரை எளிமையாயிருத்தல் வேண்டும். அறிவும் பொறுப்பும் முனைகளிலேயே அமைதல் வேண்டும் என்பது அதன் சாரம். முனைக்கு முனை நேரே பேசின், புதிய பயன்பாடொன்றை ஆக்குவோன் நடுவிலிருப்பார் எவரிடமும் இசைவு பெறவேண்டுவதில்லை. முகவரிப் பெயர்ப்பு இக்கோட்பாட்டின் வேரிற் கைவைத்தது. தன் முகவரியைச் செய்தியின் உள்ளேயே எழுதியனுப்பும் பழைய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை, பெட்டியின் பின்னால் இடறி நின்றது. ஏனெனில் பெட்டி முகப்பை மாத்திரம் மாற்றியது, உள்ளடக்கத்தை மாற்றவில்லை. அதனை இயக்குதற்பொருட்டுப் பெட்டி கடிதத்தைப் பிரித்து வாசித்துத் திருத்தவேண்டியதாயிற்று. இரு வீட்டார் கணினி வழியே குரலாற் பேச விரும்பின், இரு வாயில்களும் உள்ளிருந்தே திறப்பன ஆதலின், எவர் எவரை அழைப்பது? இதற்கென 2003 மார்ச்சில் ஸ்ரன் என்னும் துணைநெறிமுறை வகுக்கப்பட்டது. அதே ஆண்டில் தோன்றிய ஸ்கைப், நேரே பேச இயலாதவிடத்து மூன்றாங் கணினியொன்றை இடைத்தரகாக்கியது. 2000 நவம்பரில் ரோனி ஹெயின் என்பார் ஆர்.எவ்.சி. 2993 இல் இத்தகைய கேடுகளைத் தொகுத்துரைத்தார்.

தொழினுட்ப இடர்களினும் பெரியது சமுதாய விளைவு. தொடக்கக் கோட்பாட்டின்படி இணையத்திற் சேர்ந்த ஒவ்வொரு கணினியும் கேட்போனாகவும் சொல்வோனாகவும் இருக்கவல்லது. வீட்டுக் கணினியும் பல்கலைக்கழகக் கணினியும் அவ்வகையில் ஒரே தரத்தன. பெயர்ப்புப் பெட்டியின் பின்னால் அமைந்த கணினியோ பிறரைத் தேடிச் செல்லலாம். பிறர் தன்னைத் தேடிவர இடமளித்தல் அரிது. தன் எழுத்தையும் படத்தையும் பிறர் காண வைக்க விரும்பிய வீட்டான், முகவரியுடைய பெருநிறுவனத்தின் சேவையகத்தில் அவற்றை ஒப்படைக்க நேர்ந்தது. பெருநிறுவனங்களின் வளர்ச்சிக்கு வேறு காரணங்களும் பல உண்டு. வேகக்குறைவும், கணினியை எப்போதும் இயக்கிவைத்தற்குரிய செலவும், சேவையகம் நடத்தலைத் தடுத்த ஒப்பந்தங்களும் அவற்றுட் சில. ஆயினும் வீடு நுகர்வோனாகவும் நிறுவனம் வழங்குவோனாகவும் பிரிந்த நிலைக்கு இச்சிறு பெட்டியும் துணைசெய்தது என்பது மறுத்தற்கரியது.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். 2003 ஓகத்தில் பிளாஸ்ரர் என்னும் தீநிரல் இணையமெங்கும் பரவியபோது, இணையத்தோடு நேரே இணைந்திருந்த வீட்டுக் கணினிகள் தாமாகவே தாக்குண்டன. பெட்டியின் பின்னால் இருந்தவை வெளியிலிருந்து வந்த அழைப்பைப் பெறாமையால் நேர்த்தாக்குதலுக்குத் தப்பின. அழையா விருந்தினனைக் கழித்துவிடும் பொறுப்பாளர் கள்வனையும் உடன் கழித்துவிட்டார். இது தீச்சுவர் ஒன்றின் தொழில், பெயர்ப்புக்கு இன்றியமையாததன்று. எனினும் தீச்சுவரை அறியாத கோடிக்கணக்கான வீட்டாருக்கு அக்காப்பு வேண்டாமலே கிடைத்தது. இதனினும் பெரிய நன்மை பொருளாதார நன்மை. ஒரு சந்தாவைக்கொண்டு வீட்டார் அனைவரும், சிறு கடையும், பள்ளிக்கூடமும், நூலகமும் இணையத்தை அடைந்தமை இம்முறையாலேயே. கோட்பாட்டின் தூய்மையைக் காக்குமாறு ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி வாங்கியே தீரவேண்டும் என்றிருப்பின், வறியோர் வாயிலிற் காத்துநின்றிருப்பர்.

ஆயினும் வீட்டளவில் உதவியாயிருந்த பகிர்வு, நாட்டளவில் வேறொரு முகங் காட்டியது. 2011 பெப்ரவரி 3 ஆம் நாள், உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த ஐந்து பெருந்தொகுதிகள் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன, களஞ்சியம் வெறுமையாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரில் 15 ஆம் நாளே, இலங்கை, இந்தியா முதலிய நாடுகளை உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பதிவகம் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அன்றுதொட்டு அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் அத்தொகுதியிலிருந்து பெறத்தக்க முகவரிகள் 1,024 ஆகக் குறுகின. 2019 பெப்ரவரியில் அவ்வெல்லை 512 ஆயிற்று. ஒரு பல்கலைக்கழகம் 16,777,216 எண்களைப் பெற்ற காலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் பிந்தி வந்தோர் நிலை விளங்கும். முகவரி விலைப்பொருளுமாயிற்று. 2011 ஆம் ஆண்டில், முறிந்துபோன நோர்ட்டெல் நிறுவனத்தின் 666,624 முகவரிகளை மைக்கிரோசொப்ட் 75 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அஃதாவது ஓரெண் 11 டொலருக்குச் சற்று மேல். பத்தாண்டுகளின் பின் அவ்விலை 40 டொலரையும் கடந்தது.

வாங்க வசதியற்ற வழங்குநர், வீட்டார் செய்ததையே பேரளவிற் செய்தனர். பல வீடுகளை ஒரே வெளிமுகவரியின் பின்னால் நிறுத்தும் பெரும் பெயர்ப்பு முறை பரவியது. அதற்கென 2012 ஏப்பிரிலில் ஆர்.எவ்.சி. 6598 வாயிலாக 4,194,304 முகவரிகள் ஒதுக்கப்பட்டன. இப்போது விடுதிப் பொறுப்பாளருக்கு மேல் நகரப் பொறுப்பாளர் ஒருவரும் அமர்ந்துவிட்டார். வீட்டின் பெட்டியைத் திருத்தி வெளியாருக்கு வழிவிட விரும்பும் ஒருவனுக்கும் அது கைகூடுவதில்லை. ஏனெனில் மேலுள்ள பதிவேடு அவன் கையில் இல்லை. ஒருவன் செய்த குறும்புக்காக அம்முகவரி தடைசெய்யப்படின், அதனைப் பகிரும் அயலார் பலரும் தண்டனை பெறுவர். 2017 ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காவற்றுறை ஒத்துழைப்பு நிறுவனமாகிய யூரோபோல், குற்றவாளியையும் குற்றமற்றவனையும் ஒரே முகவரியின் பின்னால் நிறுத்தும் இம்முறை புலனாய்வைத் தடுக்கின்றது எனவும், குற்றமற்றோர் விசாரணைக்குள் இழுக்கப்படலாம் எனவும் கவலை தெரிவித்தது. வீட்டாருக்குள் நிகழும் பகிர்வு உறவினர்க்கிடையே நிகழ்வது. முன்பின் அறியாதாரோடு அவர்தம் இசைவின்றி நிகழும் பகிர்வு அத்தகையதன்று.

இந்நோய்க்கு மருந்து முன்னரே ஆக்கப்பட்டிருந்தது. ஆறாம் பதிப்பின் முகவரி 128 துவித இலக்கங்களையுடையது. அதனாலாகும் எண்ணிக்கை 34 இன் பின் 37 சுழியங்களை இட்டாற் பெறும் தொகையை ஒத்தது. வீடொன்றுக்கே எண்ணிறந்த முகவரிகளை வழங்கலாம். ஆயினும் 1995 இல் நூலேறிய இம்மருந்து, 2012 யூன் 6 ஆம் நாள் பெருநிறுவனங்கள் சேர்ந்து அதனை நிலையாக இயக்கத் தொடங்கும்வரை பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. இந்தியாவில் 2016 செப்ரெம்பரிற் சேவை தொடங்கிய ஜியோ நிறுவனம் பழைய முகவரிகள் போதாமையால் ஆறாம் பதிப்பைப் பேரளவிற் கைக்கொள்ள, அந்நாடு இத்துறையில் முன்னணிக்கு வந்தது. கூகிள் நிறுவனத்தின் அளவீட்டில் 2020களின் நடுப்பகுதியிலேயே உலகப் பயன்பாடு ஏறக்குறையப் பாதியை எட்டியது. இத்துணைத் தாமதத்திற்குக் காரணங்கள் பலவெனினும், அவற்றுள் ஒன்று முகவரிப் பெயர்ப்பே. ஊன்றுகோல் உறுதியாயிருந்தமையால் காலைக் குணப்படுத்தும் அவசரம் குறைந்தது.

இவ்வரலாற்றிலிருந்து தெளியக்கிடப்பது யாதெனின், ஒரு கருவியின் வாழ்வை அதனை ஆக்கியோரின் எண்ணம் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதாம். 1994 ஆம் ஆண்டில் அறிஞர் எச்சரித்தனர். அவர்தம் எச்சரிக்கை ஒவ்வொன்றும் பிற்காலத்தில் மெய்யாயிற்று. வழங்குநர் தடுத்தனர், அத்தடை வீட்டாரின் தேவைக்குமுன் நிற்கவில்லை. ஒரே கம்பியில் வீட்டார் யாவரும் பயன்பெற வேண்டும் என்னும் எளிய தேவை, கோட்பாட்டையும் ஒப்பந்தத்தையும் ஒருங்கே வென்றது. அவ்வெற்றியிற் குறை காண்டல் பொருந்தாது. ஆனால் வெளியே பேசும் உரிமையோடு, பிறரால் விளிக்கப்படும் உரிமையும் முகவரியுடைமையின் ஒரு பாதி என்பதனை அவ்வெற்றி மறக்கச் செய்தது. ஆறாம் பதிப்பு பரவுந்தோறும் அவ்வுரிமை வீடுகளுக்கு மீண்டும் கிடைக்கும் வாய்ப்பு உண்டாகின்றது. ஆயின் முப்பதாண்டுப் பழக்கத்தால் வீடு நுகர்வதற்கே உரியது எனக் கருதப் பழகிய மக்கள், கிடைத்த முகவரியைக் கொண்டு தாமே வழங்குவோராகவும் மாறுவரோ என்பது தொழினுட்பத்தாற் தீர்வதன்று. கல்வியாலும் துணிவாலும் தீரவேண்டியதாகும்.